விட்டுக்கொடுக்கும் கயிறு

வீட்டில் கிடக்கும் சின்னப் பூட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 50 கிராம் எடை இருந்தால் போதும். பருத்தித் தையல் நூலை ஒரு மீட்டர் நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையைப் பூட்டிலும் மறு முனையை மாடிப்படிக் கைப்பிடியிலும் கட்டுங்கள். கீழே யாரும் நிற்கக் கூடாது. பூட்டு நாள் முழுக்கத் தொங்கினாலும் நூலுக்கு ஒன்றும் ஆகாது. இன்னும் நான்கைந்து பூட்டுகளைச் சேர்த்துத் தொங்கவிட்டாலும் தாங்கும். இப்போது அந்த ஒற்றைப் பூட்டைக் கைப்பிடி உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக் கையை விடுங்கள். நூல் பட்டென்று அறும். பூட்டு கீழே விழும்.

மறுபடியும் அதே பூட்டு, அதே கண்டிலிருந்து வெட்டிய நூல். இம்முறை கைப்பிடிக்கும் நூலுக்கும் நடுவில் ஒரு முழம் மெல்லிய எலாஸ்டிக்கைக் கட்டுங்கள். முகக்கவசத்தில் காதுக்கு வருமே, அந்த எலாஸ்டிக் போதும். பூட்டை விட்டதும் எலாஸ்டிக் நன்றாக நீளும், பூட்டு மேலும் கீழும் இரண்டு மூன்று தடவை ஆடும், பிறகு அமைதியாகத் தொங்கும். நூலுக்கு எந்தக் கூடுதல் வலுவும் வரவில்லை. ஆனாலும் பிழைத்துக்கொண்டது.

சிறு ராக்கெட் செய்து பறக்கவிட நினைக்கும் மாணவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டிய இயற்பியல் இந்தப் பூட்டில் இருக்கிறது. எஞ்சின், இறக்கை, எடை மையம் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு முடித்துவிட்டு, கடைசியில் கையில் கிடைத்த கயிற்றை எடுத்துக் கட்டிவிடுகிறோம். ராக்கெட் முழுசாகத் தரைக்கு வருமா, இரண்டு துண்டாக வருமா என்பதை அந்தக் கயிறுதான் முடிவு செய்கிறது.

வானத்தில் ஒரு பிரிவு

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்து மொட்டைமாடிகளுக்கு ராக்கெட் புதிதல்ல. சென்னைக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில் ஸ்ரீஹரிகோட்டா. வானம் தெளிவாக இருக்கும் நாளில் பி.எஸ்.எல்.வி. புறப்பட்டால், வடக்கே ஒரு நெருப்புப் புள்ளி எழுந்து கிழக்கே வளைந்து போவதை இங்கிருந்தே பார்க்கலாம். அந்தப் புள்ளி மறைந்ததும் நாம் படியிறங்கி வந்துவிடுகிறோம். மேலே போனது திரும்பி வரவேண்டியதாக இருந்தால், கடினமான வேலை அதன் பிறகுதான் தொடங்குகிறது.

மாதிரி ராக்கெட் இரண்டு பகுதிகளால் ஆனது. ஒன்று, எஞ்சினும் இறக்கைகளும் உள்ள காகித அட்டை உடற்குழாய். மற்றொன்று, அதன் வாயில் செருகியிருக்கும் முனைக்கூம்பு. ராக்கெட் உச்சிக்குப் போனதும் எஞ்சினின் மேல்பக்கம் இருக்கும் ஒரு சிட்டிகைக் கருமருந்து வெடித்து, குழாய்க்குள் வாயுவை நிரப்பும். அந்த அழுத்தத்தில் முனைக்கூம்பு தெறித்து வெளியேறும். பின்னாலேயே மடித்து வைத்த பாராசூட்டும் வெளியே வந்து விரியும். குழாய் ஒரு பக்கம், கூம்பு ஒரு பக்கம் போய்விடாமல் இரண்டையும் பிணைத்து வைத்திருப்பதுதான் ஷாக் கார்டு என்கிற அதிர்ச்சி தாங்கும் கயிறு.

இந்த ஏற்பாட்டுக்கு 70 வயதுக்கு மேல் ஆகிறது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் நார்ஃபோக் என்ற ஊரில் செருப்புக்கடை வைத்திருந்த ஓர்வில் கார்லைல், 1954-ல் தன் சகோதரர் ராபர்ட்டுடன் சேர்ந்து இப்படியொரு காகித ராக்கெட்டை உருவாக்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் ராக்-எ-சூட். பெயரிலேயே பாராசூட் இருக்கிறது. அதுவரை பிள்ளைகள் கையில் இருந்த ராக்கெட் தீபாவளி வாணம் மாதிரிதான், போனால் போனதுதான். மேலே போனதைப் பத்திரமாகக் கீழே இறக்கி மறுபடியும் பறக்கவிடலாம் என்ற எண்ணம்தான் அதை ஒரு பொழுதுபோக்காகவும் பள்ளிப் பாடமாகவும் ஆக்கியது.

வலிமையும் தாங்கும் சக்தியும்

பிரியும் கணத்தில் கயிற்றுக்கு என்ன நடக்கிறது என்று ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உடற்குழாய் 90 கிராம், முனைக்கூம்பு 30 கிராம். கருமருந்து வெடித்ததும் இரண்டும் விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் விலகுகின்றன என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 54 கிலோமீட்டர். இந்த விலகலில் இருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 2.5 ஜூல். ஒரு கிலோ அரிசிப் பையை 25 செ.மீ. உயரத்துக்குத் தூக்கத் தேவைப்படும் ஆற்றல், அவ்வளவுதான். கேட்க அற்பமாகத் தெரியும்.

கயிற்றின் வேலை இந்த 2.5 ஜூலையும் வாங்கிக்கொண்டு விலகலை நிறுத்துவது. எத்தனை செ.மீ. தூரத்துக்குள் நிறுத்துகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஆற்றலைத் தூரத்தால் வகுத்தால் சராசரி இழுப்பு விசை கிடைக்கும். வேகமாக வரும் கிரிக்கெட் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுத்துக்கொண்டே பிடிக்கிறோம் அல்லவா, அதே கணக்கு. பந்து நிற்கும் தூரம் கூடினால் உள்ளங்கையில் விழும் அடி குறைகிறது.

ஒரு மீட்டர் நீளக் கயிறு கட்டியிருக்கிறோம் என்று கொள்வோம். கெவ்லார் என்ற விறைப்பான செயற்கை இழைக் கயிறு நீளவே நீளாது. இங்கே 2 செ.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். அந்த 2 செ.மீ.க்குள் 2.5 ஜூலை விழுங்க வேண்டுமென்றால் சராசரி இழுப்பு 13 கிலோ எடைக்குச் சமம். சுருள்வில்லைப் போல இழுப்பு படிப்படியாக ஏறுவதால் உச்சத்தில் இது இரண்டு மடங்காகி 25 கிலோவைத் தொடும். நைலான் கயிறு 15 செ.மீ. நீண்டு கொடுத்தால் உச்ச இழுப்பு மூன்றரைக் கிலோவுக்குள் அடங்கிவிடும். எலாஸ்டிக் தன் நீளத்துக்கு இன்னொரு மடங்கு, அதாவது ஒரு மீட்டர் நீண்டால், உச்ச இழுப்பு வெறும் அரைக் கிலோ. நிறுத்தப்பட்ட பொருளும் அதன் வேகமும் மூன்று கணக்கிலும் ஒன்றுதான். அரைக் கிலோவுக்கும் 25 கிலோவுக்கும் இடையே உள்ள வித்தியாசம் முழுக்கக் கயிற்றின் குணத்தால் வந்தது.

இங்கே பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கயிறு அறுந்தால் அடுத்த முறை இன்னும் தடியான கயிறு போடுவோம் என்று தோன்றும். அதே பொருளில் குறுக்குவெட்டுப் பரப்பு இரண்டு மடங்காக உள்ள தடித்த கயிறு போட்டால் கயிற்றின் வலு இரண்டு மடங்காகும், சரிதான். ஆனால் தடித்த கயிறு குறைவாக நீளும். அதனால் உச்ச இழுப்பும் 1.4 மடங்கு ஏறிவிடும். கயிறு பிழைத்துக்கொள்ளும், ஆனால் அந்தக் கூடுதல் இழுப்பை அது கட்டியிருக்கும் காகித அட்டையும், கூம்பிலுள்ள சிறு வளையமும், ஒட்டிய பசையும் வாங்கிக்கொள்ள வேண்டும். அவற்றின் வலு கூடவே இல்லையே. அறுந்த கயிற்றைச் சரிசெய்யப் போய், பெயர்ந்த பிடிப்பில் வந்து நிற்போம்.

மாறாக, தடிமனை அப்படியே வைத்து நீளத்தை நான்கு மடங்காக்கினால் உச்ச இழுப்பு பாதியாகிவிடும். அதனால்தான் அனுபவப்பட்டவர்கள் கயிற்றின் நீளம் ராக்கெட்டின் நீளத்தைப்போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும் என்கிறார்கள். நீளமான கயிற்றில் இன்னொரு லாபமும் உண்டு. கயிறு இறுகும் முன்பே காற்றின் எதிர்ப்பு கூம்பின் வேகத்தைக் கொஞ்சம் தின்றுவிடும்.

மூன்று பொருள்கள், மூன்று குணங்கள்

எலாஸ்டிக்கிலிருந்து தொடங்குவோம். தையல்கடைக்குச் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் மீட்டர் கணக்கில் கிடைக்கும். உள்ளே ரப்பர் இழைகள், வெளியே பருத்தி அல்லது பாலியெஸ்டர் பின்னல். ரப்பர் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். கலைந்த நூல்கண்டு போலச் சுருண்டு கிடப்பவை. இழுத்தால் சுருள் பிரிந்து நீளும். விட்டால் மறுபடி சுருண்டுகொள்ளும். அதிர்ச்சியை மெல்ல வாங்குவதில் இதற்கு ஈடு எதுவும் இல்லை.

இதற்குக் குறைகள் மூன்று. முதலாவது, வாங்கிய ஆற்றலில் பெரும்பகுதியை ரப்பர் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். கூம்பு போன வேகத்தில் திரும்பி வந்து உடற்குழாயின் விளிம்பிலேயே மோதும். பறந்து முடித்த மாதிரி ராக்கெட்டுகளின் வாயருகே பிறை வடிவத்தில் ஒரு நசுங்கல் இருப்பதைப் பார்க்கலாம். கயிறு குட்டையாக இருந்தால் இது நிச்சயம். இரண்டாவது, சூடு. கருமருந்தின் நெருப்பு தொடர்ந்து பட்டால் ரப்பர் கருகிவிடும். மூன்றாவது, வயது. மேசை இழுப்பறையில் ஒரு வருஷம் கிடந்த ரப்பர் பேண்டை எடுத்து இழுத்துப் பாருங்கள். பிசுபிசுக்கும், இல்லாவிட்டால் உடையும். காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பர் சங்கிலிகளைத் துண்டிக்கின்றன. நம் ஊர் வெயில் அதைத் துரிதப்படுத்துகிறது. போன கோடையில் போட்ட எலாஸ்டிக்கை நம்பி இந்தக் கோடையில் ராக்கெட் விடக் கூடாது.

இரண்டாவது நைலான். 1935-ல் டூபான்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸின் குழு உருவாக்கிய செயற்கை இழை. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியப் பட்டு கிடைக்காமல் போனபோது பாராசூட் துணிக்கும் கயிற்றுக்கும் நைலான்தான் கைகொடுத்தது. அறுவதற்கு முன் தன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு நீண்டு கொடுக்கும். வாங்கிய ஆற்றலில் கணிசமான பகுதியை இழைகளின் உராய்வில் வெப்பமாகச் செலவழித்துவிடும். ரப்பரைப்போல் திருப்பி அடிக்காது. மலை ஏறுபவர்கள் தவறி விழுந்தால் காப்பாற்றும் கயிறு நைலானில் செய்யப்படுவது இதனால்தான். கனமான ராக்கெட்டுகளுக்கு உள்ளீடற்ற நாடாவாக நெய்த நைலான் மிகப் பொருத்தம். இதன் எதிரி சூடு. வகையைப் பொறுத்து 220 முதல் 260 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். நனைந்தால் வலுவிலும் கொஞ்சம் இழக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரத்தோடு மடித்து உள்ளே வைக்காமல் உலர்த்தி வைக்க வேண்டும்.

மூன்றாவது கெவ்லார். 1965-ல் அதே டூபான்டில் ஸ்டெஃபனி குவோலெக் என்ற வேதியியலாளர், கார் டயருக்கு எடை குறைந்த வலுவான இழை தேடிக்கொண்டிருந்தார். அவர் தயாரித்த கரைசல் கலங்கலாக, மோர்போல இருந்தது. பார்ப்பவர்கள் கெட்டுப்போனது என்று கொட்டிவிடக்கூடிய கரைசல். அதை இழையாக நூற்றுப் பார்த்தே தீர வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். வந்த இழை, அதே எடையுள்ள எஃகைவிட ஐந்து மடங்கு வலுவாக இருந்தது. குண்டு துளைக்காத சட்டைகள் பலவற்றில் இன்று இருப்பது இந்த இழைதான். கெவ்லாரின் மூலக்கூறுகள் விறைப்பான கம்பிகள்போல ஒரே திசையில் அடுக்கப்பட்டவை. சுருள் இல்லாததால் நீள்வதற்கும் இடமில்லை. அறுவதற்கு முன் நூற்றுக்கு மூன்றரை பங்கு நீண்டாலே அதிகம்.

கெவ்லாரின் பெரிய பலம் அது உருகாது என்பது. 400 டிகிரிக்கு மேல் போனால்தான் சிதையத் தொடங்கும். அதனால் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே கட்டலாம். பலவீனம், அதன் விறைப்பு. மெல்லிய கெவ்லார் நூல் குழாயின் விளிம்பில் அழுந்தி இழுபடும்போது காகித அட்டையை மேலிருந்து கீழாகக் கிழித்துக்கொண்டே இறங்கும். அந்தக் காலத்தில் மளிகைக்கடையில் நீளமான பார் சோப்பை நூலால் அறுத்துக் கொடுப்பார்களே, அப்படி. ராக்கெட் ஆர்வலர்கள் இந்தக் கிழிசலை ஜிப்பர் என்கிறார்கள். பையின் ஜிப்பைத் திறந்ததுபோலவே இருக்கும். வெயிலில் தொடர்ந்து கிடந்தால் கெவ்லாரின் வலு குறையும் என்பதையும் மறக்கக் கூடாது.

நம் கயிற்றின் பாடம்

நீண்டு கொடுத்தால் தாங்கும் என்பது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியாத சங்கதி இல்லை. தென்னை நார் பருத்தியைவிடவும் சணலைவிடவும் வலு குறைந்தது. ஆனால் சணல் இழை நூற்றுக்கு இரண்டு பங்குகூட நீளாமல் அறுந்துவிடும். தென்னை நார் நூற்றுக்கு 15, 20 பங்குக்கு மேலும் நீண்டு கொடுக்கும். உப்புத் தண்ணீரிலும் லேசில் மட்காது. அலையில் ஆடும் கப்பலைக் கரையோடு கட்ட, பழைய மாலுமிகள் தேங்காய் நார்க் கயிற்றைத் தேடி வாங்கியது இந்தக் குணத்துக்காகத்தான். கப்பல் வெடுக்கென்று இழுத்தால் கயிறு நீண்டு கொடுத்து மெல்ல நிறுத்தும். ஆங்கிலத்தில் தென்னை நாருக்கு வழங்கும் காயர் என்ற பெயரே மலையாளத்துக் கயர், நம் கயிறு என்ற சொல்லிலிருந்து போனது.

அதிர்ச்சியை விழுங்கும் பொறியியல் ஆவடிக்கும் புதிதல்ல. இங்குள்ள போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனமான சி.வி.ஆர்.டி.இ. வடிவமைத்த அர்ஜுன் டாங்கி, 58 டன்னுக்கு மேற்பட்ட எடையோடு மேடுபள்ளத்தில் ஓடும்போது அதன் சக்கரங்களுக்கு வரும் குலுக்கலை வாங்குவது, அழுத்தப்பட்ட வாயுவும் எண்ணெயும் கொண்ட சஸ்பென்ஷன். ஆளில்லா விமானங்களுக்கான, உள்ளே மடங்கும் தரையிறங்கு சக்கர அமைப்பையும் இதே நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. விமானச் சக்கரக் காலில் வாயு சுருள்வில்லின் வேலையைச் செய்கிறது; எண்ணெய் சிறு துளைகள் வழியாகப் பிதுங்கி ஆற்றலை வெப்பமாக மாற்றுகிறது.

ஆவடி வழியே போகும் சி.டி.எச். சாலையில் வேகத்தடை மேல் ஏறி இறங்கும் பேருந்தை நினைத்துப் பாருங்கள். ஸ்பிரிங் மட்டும் இருந்து, ஷாக் அப்சார்பர் பழுதாகியிருந்தால் வண்டி ஆடிக்கொண்டே போகும். நீண்டு கொடுப்பது ஒரு வேலை. வாங்கிய ஆற்றலைத் திருப்பித் தராமல் கரைப்பது இன்னொரு வேலை. எலாஸ்டிக் முதல் வேலையை அருமையாகச் செய்யும். இரண்டாவதில் கோட்டை விடும்.

ராக்கெட்காரர்கள் இதற்கு ஒரு மலிவான வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். நீளமான கயிற்றைப் பாம்பு நெளிவதுபோல் முன்னும் பின்னும் மடித்து, ஒவ்வொரு மடிப்பையும் பெயின்டர்கள் பயன்படுத்தும் காகித டேப்பால் ஒரு சுற்று ஒட்டிவிடுவார்கள். வானத்தில் கூம்பு பிரிந்து ஓடும்போது ஒவ்வொரு டேப்பாகக் கிழியும். ஒவ்வொரு கிழிசலும் கொஞ்சம் ஆற்றலைத் தின்னும். கிழிந்த காகிதம் எதையும் திருப்பி அடிக்காது. கடைசி மடிப்பு பிரிந்து கயிறு இறுகும்போது கூம்பில் வேகம் பெரிதாக மிஞ்சியிருக்காது.

வங்கக் கடலில் இறங்கிய கலம்

பெரிய ராக்கெட்டுகளிலும் பிரச்சினை இதேதான். 2023 அக்டோபர் 21 அன்று காலை 10 மணிக்கு, இந்திய வீரர்களை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தின் முதல் ஆளில்லாச் சோதனை ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. நடு வானத்தில் ஆபத்து என்று வைத்துக்கொண்டு வீரர்கள் அமரும் கலத்தைப் பிரித்துக் காப்பாற்றிக் கடலில் இறக்குவதுதான் சோதனை. கலம் பத்திரமாக வங்கக் கடலில் இறங்கியது. கடற்படைக் கப்பல் அதை மீட்டுச் சென்னைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது.

அந்தக் கலத்தில் நான்கு வகையாக மொத்தம் 10 பாராசூட்டுகள். மேல் மூடியைப் பிரித்தெடுக்க இரண்டு, வேகத்தைக் குறைத்துக் கலத்தை நிலைப்படுத்த இரண்டு, முதன்மைப் பாராசூட்டுகளை இழுத்து வெளியே எடுக்க மூன்று, கடைசியாக 25 மீட்டர் விட்டமுள்ள முதன்மைப் பாராசூட் மூன்று. ஆக்ராவிலுள்ள டி.ஆர்.டி.ஓ. ஆய்வுக்கூடமும் இஸ்ரோவும் சேர்ந்து உருவாக்கியவை. ஒரே பெரிய பாராசூட்டை எடுத்த எடுப்பில் விரிக்கலாமே என்று கேட்கலாம். காற்றின் இழுப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்கு. அதனால் சிறிய குடையில் தொடங்கிப் பெரிய குடைக்குப் படிப்படியாகப் போகிறார்கள். முதன்மைப் பாராசூட்டும் ஒரேயடியாக விரிவதில்லை. அதன் விளிம்பைச் சுற்றிக் கட்டிய கயிறு முதலில் அதைச் சுருக்கியே வைத்திருக்கும். சில விநாடிகள் கழித்து அந்தக் கயிறு வெட்டப்பட்ட பிறகே முழுசாக விரியும். அதிர்ச்சியைக் காலத்தில் பரப்பிக் கொடுக்கும் கலை இது.

நம் 120 கிராம் ராக்கெட்டுக்கும் இது பொருந்தும். 45 செ.மீ. விட்டமுள்ள பாராசூட் அதை விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் நிதானமாக இறக்கும். அப்போது பாராசூட்டின் இழுப்பு 120 கிராம்தான். பிரிப்பு மருந்து மூன்று விநாடி தாமதமாக வெடித்தால், அதற்குள் ராக்கெட் கிட்டத்தட்ட விநாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் விழுந்துகொண்டிருக்கும். அந்த வேகத்தில் விரியும் அதே பாராசூட்டின் இழுப்பு 56 மடங்காகி ஏழு கிலோவை நெருங்கும். ஒழுங்கான நாளுக்கு மட்டும் கணக்குப் பார்த்துக் கயிறு கட்டக் கூடாது என்பதற்கு இந்த ஒரு எண் போதும்.

எதை எங்கே கட்டுவது?

என் தீர்ப்பு இது: ஒரே பொருளில் முழுக் கயிற்றையும் செய்யாதீர்கள். நெருப்புக்குப் பக்கத்தில் கெவ்லார், அதற்கு மேலே நீண்டு கொடுக்கும் பொருள். 150 கிராமுக்கு உட்பட்ட சிறு ராக்கெட்டுக்கு, எஞ்சின் தாங்கியில் ஒரு மெல்லிய கெவ்லார் நூலைக் கட்டி, அதன் மேல் முனையில் 5 மில்லிமீட்டர் அகலமுள்ள எலாஸ்டிக்கை முடிச்சுப் போடுங்கள். கெவ்லார் நூலின் நீளம் உடற்குழாயின் வாயைத் தாண்டக் கூடாது. இரண்டு விரற்கடை உள்ளேயே நின்றுவிட வேண்டும். அப்போது குழாயின் விளிம்பில் உரசுவது அகலமான மெத்தென்ற எலாஸ்டிக்காக இருக்கும். கத்திபோன்ற கெவ்லார் அங்கே வரவே வராது. இந்த ஒரு சின்னக் கவனம் ஜிப்பர் கிழிசலைப் பெரும்பாலும் ஒழித்துவிடும்.

அரைக் கிலோவும் அதற்கு மேலும் உள்ள ராக்கெட்டுக்கு எலாஸ்டிக்கை விட்டுவிட்டு நைலான் நாடாவுக்கு மாறுங்கள். நெருப்புப் படும் பகுதி கெவ்லாராகவே இருக்கட்டும். நீளத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். காகித டேப் மடிப்பும் போடுங்கள்.

முடிச்சிலும் கவனம் தேவை. சாதாரண ஒற்றை முடிச்சு கயிற்றின் வலுவைப் பாதி வரை குறைத்துவிடும். வளைவில் வெளிப்பக்க இழைகளே எல்லாச் சுமையையும் தூக்க வேண்டியிருப்பதே காரணம். எட்டு வடிவ முடிச்சு இதைவிட நல்லது. கெவ்லார் வழுக்கும் இழை. முடிச்சுப் போட்டு அதன் மேல் ஒரு சொட்டுப் பசை வையுங்கள். ஒவ்வொரு முறை பறந்த பிறகும் கயிற்றை முழு நீளத்துக்கும் விரல்களுக்கிடையே உருவிப் பாருங்கள். கருகிய இடம் சொரசொரப்பாகக் கையில் தட்டுப்படும். தட்டுப்பட்டால் மாற்றிவிடுங்கள்.

தொடங்குவது எப்படி?

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு ராக்கெட் இன்று எட்டாத கனவல்ல. 2023 பிப்ரவரி 19 அன்று, செங்கல்பட்டு மாவட்டம் பட்டிபுலத்திலிருந்து, பள்ளி மாணவர்கள் பங்கேற்று உருவாக்கிய 150 சிறு செயற்கைக்கோள் கருவிகளைச் சுமந்து ஒரு ராக்கெட் பறந்தது. 2024 ஆகஸ்ட் 24 அன்று, சென்னையைச் சேர்ந்த ஸ்பேஸ் ஸோன் இந்தியா நிறுவனத்தின் ரூமி-1 ராக்கெட், மீண்டும் பயன்படுத்தும் நோக்கத்தோடு திருவிடந்தைக் கடற்கரையிலிருந்து ஏவப்பட்டது. இரண்டும் உரிய அனுமதியோடு, திறந்த கடலை நோக்கி நடந்தவை.

ஆவடியும் அம்பத்தூரும் பூந்தமல்லியும் அப்படிப்பட்ட இடங்கள் அல்ல. பாதுகாப்புத் துறை வளாகங்கள், தொழிற்பேட்டை, நெருக்கமான வீடுகள், தெற்கே மீனம்பாக்கம் விமான நிலையம். இங்கே யாரும் எரிபொருள் ராக்கெட்டைத் தன்னிச்சையாக விடக் கூடாது. எஞ்சினுக்கான மருந்தை வீட்டில் கலப்பதையோ, பட்டாசைப் பிரித்து மருந்து எடுப்பதையோ நினைத்தும் பார்க்க வேண்டாம். கைவிரல்களும் கண்களும் போன கதைகள் நமக்குத் தேவைக்கு மேல் இருக்கின்றன. வெடிபொருள் சட்டம் அதைத் தடை செய்வதும் அதனால்தான்.

மாணவர்களுக்கு என் யோசனை தண்ணீர் ராக்கெட். குளிர்பான பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், சைக்கிள் பம்பு, ஆசிரியரின் மேற்பார்வை, ஒரு பெரிய பள்ளி மைதானம். ஆட்கள் தள்ளி நின்று, நீண்ட கயிற்றால் இழுத்து விடுவிக்க வேண்டும். கீறல் விழுந்த பாட்டிலை உபயோகிக்கக் கூடாது. இதில் நெருப்பு இல்லாததால் கெவ்லார் தேவையில்லை; எலாஸ்டிக்கும் நைலானும் போதும். பாராசூட், கூம்பு, பிரிவு, இழுப்பு என்று மற்ற எல்லாப் பாடமும் அப்படியே இருக்கிறது.

அதற்கும் முன்னால், கயிற்றைத் தரையிலேயே சோதியுங்கள். ஒரு பக்கம் உடற்குழாயைக் கட்டித் தொங்கவிட்டு, கூம்பின் எடைக்குச் சமமான மணல் மூட்டையை மறுபக்கம் கட்டி மேலிருந்து விட்டுப் பாருங்கள். கையில் பிடிக்கும் சூட்கேஸ் தராசு இருந்தால் எத்தனை கிலோ இழுப்புக்குக் கயிறு எத்தனை செ.மீ. நீள்கிறது என்று குறித்து ஒரு வரைபடம் போடுங்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே அடங்கும் பரப்புதான் அந்தக் கயிறு விழுங்கக்கூடிய ஆற்றல். பதினோராம் வகுப்புப் பாடப்புத்தகத்தில் படிக்கும் வேலை, ஆற்றல், மீட்சிக் குணகம் மூன்றும் 20 ரூபாய் எலாஸ்டிக்கில் கண்முன் வந்து நிற்கும்.

கடைக்குப் போகும்போது கயிறு எத்தனை கிலோ தாங்கும் என்று மட்டும் கேட்காதீர்கள். அறுவதற்கு முன் எவ்வளவு நீளும், எவ்வளவு சூடு தாங்கும் என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். இந்த மூன்று விடைகளையும் வைத்துக்கொண்டு கட்டிய ராக்கெட் அடுத்த வாரமும் பறக்கும்.